அக்ரிலிக் மீன் தொட்டி உடைந்தால் யார் பொறுப்பு?

வண்ணமீன் வளர்க்கும் நீங்கள் அளவு சொல்லி அக்ரிலிக் தொட்டி செய்து வாங்குகிறீர்கள். ஒருநாள் இரவில் அது பிளந்து, தாய்மீன்கள் அத்தனையும் தரையில் கிடக்கின்றன. செய்து கொடுத்தவரோ, "நீங்க சொன்ன அளவுலதான் செஞ்சேன்" என்கிறார். இந்தப் பதிலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நீளம், அகலம், உயரம் சொல்வது உங்கள் வேலை. அதற்கேற்ற தடிமனைச் சொல்ல வேண்டியது தொழில் தெரிந்த அவர்தான். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தொட்டியில் சுமார் 680 கிலோ தண்ணீர் நிற்கும். பக்கச் சுவரில் விழும் அழுத்தம் நீர்மட்டத்தின் உயரத்தைப் பொறுத்தது. ஆகவே உயரத்தைக் கூட்டினால் தகட்டின் தடிமனும் கூட வேண்டும். செலவைக் குறைக்க மெல்லிய தகடு போதும் என்று நீங்களே வற்புறுத்தி, அவர் எழுத்தில் எச்சரித்திருந்தால் உங்கள் தரப்பு பலவீனமாகிவிடும்.

உடைந்த விதத்தைக் கவனியுங்கள். ஒட்டிய இடம் மட்டும் நூல் பிடித்தாற்போல் விட்டுப்போயிருந்தால் ஒட்டுவேலையில் சந்தேகம் வரும். அடித்தகடு நடுவில் விரிந்திருந்தால் ஸ்டாண்டு சமமாக இருந்ததா, அடிப்பாகம் முழுவதும் தாங்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். ஆல்கஹால், தின்னர் போட்டுத் துடைத்தாலும் அக்ரிலிக்கில் மயிரிழை விரிசல்கள் விழும். அது உங்கள் பக்கத் தவறு. நீங்களாகத் துளை போட்டிருந்தாலும் அப்படித்தான்.

உடைந்த துண்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். 2022 டிசம்பரில் பெர்லினில் சுமார் 10 லட்சம் லிட்டர் கொள்ளளவுள்ள அக்வாடோம் என்ற அக்ரிலிக் மீன்காட்சித் தொட்டி வெடித்தது. நிபுணர்கள் துண்டுகளை ஆராய்ந்தும் காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. துண்டே இல்லாமல் நீங்கள் எதை நிரூபிப்பீர்கள்? கழுவுவதற்கு முன் படம் எடுங்கள், இறந்த மீன்களை எண்ணிக் குறித்து வையுங்கள். பில், கொட்டேஷன், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் சான்றுதான்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆவது பிரிவு, தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், சரியாகப் பயன்படுத்தும் முறையைச் சொல்லாமல் விட்டாலும் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. வியாபாரத்துக்கு வாங்கியது என்று எதிர்த்தரப்பு வாதாடலாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரும் நுகர்வோரே. இறந்த மீனுக்கு இழப்பீடு கேட்கலாம். தொட்டியின் விலையைக் குறைபாடுள்ள பொருள் என்ற கணக்கில் கேட்க வேண்டும். விற்பனை நின்றுபோன நட்டம் பொருள் பொறுப்பின் கீழ் வராது.

முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 2 ஆண்டுகளுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.