தெசாருக் கடலோரத்தில் ஒரு போஜனம்

ஜொகூர் பாருவிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டு, இருமருங்கும் செம்பனையைத் தவிர வேறொன்றும் கண்ணிற்படாத செனாய்-தெசாரு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரத்துக்குக் கிட்டப் பிரயாணம் செய்து, ஜொகூர் நதியின்மேல் வடங்கள் தாங்கி நிற்கும், ஏறத்தாழ 1.7 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தையும் கடந்து, உப்புக் காற்று முகத்தில் வந்து மோதும் இடத்தை அடையும் ஒருவருக்குப் பசி எடுக்காவிட்டால்தான் ஆச்சரியம். 77 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை 2011இல் முழுமையாகத் திறக்கப்படும்வரை கோத்தா திங்கியைச் சுற்றிக்கொண்டுதான் தெசாருவுக்குப் போகவேண்டியிருந்தது. அந்நாளில் தோட்டத்து ஜனங்கள் வாடகைப் பேருந்தில் கூட்டமாக வந்து, சவுக்கு மரத்தடியில் பாய் விரித்து, தூக்குச் சட்டியில் கொண்டுவந்த புளிச்சோற்றையும் அவித்த முட்டையையும் உண்டு, பிள்ளைகளின் காலில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே வீடு திரும்புவார்கள். சவுக்கு ஊரின் பெயரிலேயே இருக்கிறது: மலாய் மொழியில் 'ரு' என்றால் சவுக்கு, 'தேசா' என்றால் கிராமம், நம்முடைய 'தேசம்' என்ற சொல்லுக்கு உடன்பிறப்பு.

இன்று அந்தச் சவுக்கு நிழலுக்குப் பக்கத்திலேயே, சுமார் 17 கிலோமீட்டர் நீளும் மணற்கரையில், 2018 முதற்கொண்டு ஹார்ட் ராக், வெஸ்டின், அனந்தாரா என்று உல்லாச விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி, 2020இல் வன் அண்ட் ஒன்லியும் வந்து சேர்ந்துவிட்டது. இவற்றில் ஓரிரவு தங்குவது எல்லாருக்கும் கைகூடுவதன்று. ஆயினும் முன்கூட்டியே சொல்லி மேசை ஒதுக்கிக்கொண்டு, ஒருவேளை ஆகாரம் மட்டும் அருந்திவிட்டு வர இடம் கொடுக்கும் உணவகங்கள் உண்டு. இடமிருந்தும் நம்மவரில் பலர் போகத் தயங்குவதற்குப் பணத்தைக் காட்டிலும் கூச்சமே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம். எழுபது வயது நிறைந்த எங்கள் அத்தையைச் சென்ற வருஷம் அத்தகைய உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போனபோது, கார் நின்றதும் அவர் கேட்ட முதற் கேள்வி, "இங்க சோறு கிடைக்குமாப்பா?" என்பதுதான்.

உள்ளே நுழைந்ததும் அந்தக் கூச்சத்தை இரட்டிப்பாக்குவது உணவுப் பட்டியல். விலையின் அருகே இரண்டு கூட்டல் குறிகள் காணப்பட்டால் அச்சுப் பிழை என்று எண்ணிவிடலாகாது: ஒன்று விடுதி வாங்கும் நூற்றுக்கு 10 சேவைக் கட்டணம், மற்றொன்று அரசாங்கம் வாங்கும் நூற்றுக்கு 6 சேவை வரி. எனவே பட்டியலில் 100 வெள்ளியாக இருந்தது பில்லில் 116 வெள்ளியாக வளர்ந்திருக்கும். (வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஒரு குடும்பமே உண்டு எழும் தொகை இது என்பதை அந்த நேரத்தில் நினையாதிருப்பது நலம்.) சிங்கி இறாலுக்குப் பேர்போன சுங்கை ரெங்கிட், இதே கரையில் தெற்கே இருக்கும் மீனவர் ஊர்தான்; அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இதே கடலின் மீனை மலிவாகத் தின்றுவிட்டு வரலாம். விடுதியில் கூடுதலாகத் தரும் தொகை, இரண்டு மணி நேரம் அலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் எழுந்துபோகச் சொல்லாத நாற்காலிக்கு நாம் கொடுக்கும் வாடகை.

அந்த நாற்காலிக்கும் நேரகாலம் உண்டு. சூரியன் கடலில் இறங்கும் காட்சியை உத்தேசித்து மாலையில் மேசை பிடிப்பவர் ஏமாந்துபோவார். இது கீழ்க்கரை, சூரியன் முதுகுக்குப் பின்னே செம்பனைக் காட்டில் மறைந்துவிடும். காலைப் பலகாரத்துக்குச் சீக்கிரம் எழ முடிந்தவர்க்கு உதயமும், பௌர்ணமியை ஒட்டி இராப்போஜனத்துக்கு வருபவர்க்குச் சமுத்திரத்திலிருந்து நேரே எழும்பும் நிலவும் வாய்க்கும். நவம்பரிலிருந்து மார்ச்சுவரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலைக் கலக்கும்போதோ, கரையில் சிவப்புக் கொடி பறக்கும், சிறு படகுகள் கடலுக்குப் போகா, மீன் விலை ஏறும், வெளித்திண்ணை மேசைகளும் மழைக்கு அஞ்சி உள்ளே போய்விடும்.

இக்கரை உணவகங்களின் பெருமையெல்லாம் பெரும்பாலும் அடுப்பிலேதான் இருக்கிறது. அனந்தாரா விடுதியில் ஓர் உணவகத்துக்குக் கடல், நெருப்பு, உப்பு என்று பொருள்படும்படி 'சீ ஃபயர் சால்ட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் கேட்டு வாங்கியது சுட்ட திருக்கை. வாழையிலையில் கிடத்தி, மிளகாயும் வெங்காயமும் பெலாச்சான் என்னும் இறால் விழுதும் அரைத்த சம்பாலை மேலே கனமாகப் பூசித் தணலில் வைக்கிறார்கள். இலை முதலில் தன் ஈரத்தை ஆவியாக்கி மீனை வேகவைத்து, பிறகு தான் கருகித் தன் வாசனையையும் மீனுக்குக் கொடுத்துவிடுகிறது. இலையின்றி நேர் நெருப்பில் பட்டால் சம்பாலின் சர்க்கரை கரிந்து கசந்துபோகும். கரியோரம் பிடித்த அந்த இலையை விரித்தபோது, சம்பால் சிவந்து தோலாக இறுகியிருந்தது. கரண்டி முனையால் நெம்பியதும் குருத்தெலும்பின்மேலிருந்து சதை விசிறி மடிப்பைப்போல நீள நீளமாகப் பிரிந்து வந்தது. திருக்கையின் சதையில் இயல்பாகவே யூரியா உண்டு. மீன் பழசாக ஆக, அது சிதைந்து நவச்சார நெடி வீசும். எனவே எத்தனை சம்பால் பூசினாலும் பழைய திருக்கை மூக்கை ஏமாற்றாது. எங்கள் தட்டில் அந்த நெடி இல்லை.

சோற்றுக்கு வருவோம். கோத்தா திங்கிப் பக்கத்துப் பெண் ஒருத்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். அத்தை தயங்கித் தயங்கிக் கேட்டதும், "இருக்கு பாட்டி, இதோ கொண்டு வரேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனாள். வந்த சோற்றை முள்கரண்டியால் துழாவிக்கொண்டிருந்த அத்தையின் பார்வை, பக்கத்து மேசையில் ஜொகூர் லக்சாவைக் கையால் உண்டுகொண்டிருந்த மலாய்ப் பெரியவர்மேல் விழுந்தது. லக்சா என்ற இப்பதார்த்தம் விசித்திரமானது. முள்ளுவாளை போன்ற மீனை வேகவைத்து அரைத்து, தேங்காய்ப்பாலும் வறுத்து இடித்த தேங்காயும் சேர்த்துக் காய்ச்சிய கெட்டிக் குழம்பை, இத்தாலி நாட்டு ஸ்பகெட்டியின்மேல் ஊற்றுகிறார்கள். 1885இல் சுல்தான் பட்டம் ஏற்று 1895இல் லண்டனில் காலமான அபூ பக்கார், ஐரோப்பிய யாத்திரையில் அந்தச் சேமியாவில் மனம் பறிகொடுத்து அரண்மனைச் சமையலில் புகுத்தினார் என்பது கர்ணபரம்பரை. மேல்நாட்டுப் பண்டமேயாயினும், அதைக் கையால் உண்பதுதான் இந்நாட்டுச் சம்பிரதாயம்.

அத்தை முள்கரண்டியை மெல்லத் தட்டின் ஓரத்தில் வைத்தார். பிறகு திருக்கைச் சதையைச் சம்பாலோடு சோற்றில் பிசைந்து அவர் உண்ணத் தொடங்கிய வேகத்தில், பௌர்ணமிக்கு முந்திய நாள் நிலா அலைகளுக்கு மேலே ஒரு பனையளவு ஏறிவிட்டதை நாங்கள் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. தலை நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, மிஞ்சிய சம்பாலைத் 'தாப்பாவ்' செய்து, அதாவது பொட்டலம் கட்டிக் கொடுப்பார்களா என்று விசாரிக்கச் சொன்னார். கொடுத்தார்கள்.