தாய்லாந்தில் என் மாமியாரின் சாப்பாடு

"தாய்லாந்துக்கா? அங்கே நீங்கள்லாம் என்னத்தைச் சாப்பிடுவேள்?"

கிளம்புவதற்கு முன் எங்களை இப்படிக் கேட்காதவர்களே இல்லை. கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் சைவம். அதிலும் என் மாமியார் வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்க மாட்டார். வயது 68. மாமனார் காலமான பிறகு காசிக்குப் போய் வந்ததோடு சரி, வேறெங்கும் கிளம்பியதில்லை.

"நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்கோ. எனக்குன்னு தனியா சாப்பாடு தேடி நீ அலையணும், பாவம்" என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. சாப்பாட்டுக்குப் பயந்து ஒருத்தர் வீட்டோடு இருந்துவிடுவதா? "உங்க சாப்பாடு என் பொறுப்பும்மா" என்று சொல்லி அழைத்துப் போனேன்.

ஏப்ரல் விடுமுறையில் பன்னிரண்டு நாள். பாங்காக், சியாங் மாய் என்று இரண்டு நகரங்கள்; பிறகு புக்கெட், சாமுய் என்று இரண்டு கடற்கரைத் தீவுகள். என்னவர், என் ஆறு வயது மகள், மாமியார், நான். ஒரு வேளை கூட யாரும் பட்டினி கிடக்கவில்லை. அது எப்படி என்பதை மற்ற சகோதரிகளுக்கும் சொல்லவே இதை எழுதுகிறேன்.

வில்லன் எங்கே ஒளிந்திருக்கிறான்?

தாய்லாந்துச் சமையலில் பச்சைக் காய்கறிக்குப் பஞ்சமே இல்லை. கீரையும் காராமணிக்காயும் பளபளவென்று வதக்கி வைத்திருப்பார்கள். 'காய்கறிதானே' என்று வாங்கிவிடக் கூடாது. நாம் உப்புப் போடுகிற இடத்தில் அவர்கள் 'நாம் பிளா' ஊற்றுகிறார்கள். நெத்திலி மீனை உப்பிலிட்டு, மாதக்கணக்கில் ஊற வைத்து வடித்த சாறு அது. குழம்புக்கு அரைக்கும் விழுதில் 'கப்பி' என்ற இறால் விழுது இருக்கும். வதக்கிய கீரையில் சிப்பி சாஸ், பப்பாளிக்காய் சாலட்டில் காய்ந்த இறால், நூடுல்ஸ் சூப்பில் எலும்பு வேக வைத்த தண்ணீர்! ஆகவே "மாமிசம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது.

மந்திரச் சொல்: ஜே

இதற்கெல்லாம் ஒரே சொல்லில் விடை இருக்கிறது. அதுதான் 'ஜே'. சீன வம்சாவளியினரின் பௌத்த வழக்கப்படி சமைக்கும் சுத்த சைவத்துக்கு அங்கே ஜே என்று பெயர். மாமிசம், மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டும் வெங்காயமும் கூடக் கிடையாது! இதைச் சொன்னபோது மாமியார் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே!

ஜே கடைகளில் மஞ்சள் கொடியோ, மஞ்சள் பலகையோ இருக்கும். அதில் சிவப்பு எழுத்து. தாய் எழுத்து நமக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன? பார்வைக்கு 17 என்று எழுதியது போலவே இருக்கும். "பாட்டி, அதோ பதினேழு!" என்று என் மகள்தான் தெருத்தெருவாகக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். 'மங்சவிரட்' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அதுவும் சைவம்தான்; ஆனால் முட்டை, பால், பூண்டு இருக்கலாம்.

ஜே கடையில் பல தட்டுகளில் பதார்த்தங்களைப் பரப்பியிருப்பார்கள். சாதத்தின் மேல் நாம் கை காட்டுகிற இரண்டு மூன்று வகைகளைப் போட்டுத் தருவார்கள். சோயாவிலும் கோதுமைப் பசையிலும் மாமிசம் மாதிரியே செய்து வைத்திருப்பதும் உண்டு. மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "அசலாட்டமே இருக்கே, எனக்கு வேண்டாம்மா" என்று பூசணிக்காய், முட்டைக்கோஸ், காளான், டோஃபு என்று எடுத்துக்கொண்டார். டோஃபுவை "சோயா பன்னீர்" என்று சொன்னதும் சமாதானமாகிவிட்டார்.

சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில், பெரும்பாலும் அக்டோபரை ஒட்டி, ஒன்பது நாள் ஜே திருவிழா நடக்கிறது. அப்போது ஊரெங்கும் மஞ்சள் கொடிதான். பல வருஷங்களில் இது நம் நவராத்திரியோடு சேர்ந்தே வருகிறது. பாங்காக்கில் சீலோம் சாலையில், 19ஆம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கேயும் நவராத்திரி விசேஷம். தாய்லாந்துப் பெண்கள் மாலையும் தேங்காயும் வாங்கிக்கொண்டு அம்மனுக்கு வரிசையில் நிற்பதைப் பார்த்து மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவர்கள் அடுப்பில் நம் அஞ்சறைப் பெட்டி

சியாங் மாயில் அரை நாள் சமையல் வகுப்புக்குப் போனோம். சொல்லிக் கொடுத்த அம்மாள் முதலில் சந்தைக்குத்தான் அழைத்துப் போனார். அங்கே பார்த்ததில் பாதி நமக்குத் தெரிந்த சரக்கு! இருமலுக்குக் கஷாயம் வைக்கிற சித்தரத்தையின் அக்கா பேரரத்தை. அதைத்தான் சூப்பில் நறுக்கிப் போடுகிறார்கள். வேப்பிலைக்கட்டிக்கு நாரத்தை இலை போடுவோமே, அதே ஜாதி வாசனையோடு காஃபிர் எலுமிச்சை இலை. எலுமிச்சம்புல், புளி, தேங்காய்ப்பால், பனை வெல்லம். பூஜைக்குப் பறிக்கிற நீலச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டுச் சர்பத் செய்கிறார்கள். எலுமிச்சம்பழம் பிழிந்ததும் நீலம் ஊதாவாக மாறும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

'க்ரப்பாவ்' என்று ஒரு கட்டு இலையைக் கொடுத்து முகரச் சொன்னார். அட, நம் துளசி! மிளகாயோடு சேர்த்து வதக்குவார்களாம். "பெருமாளுக்குச் சாத்தறதைத் தாளிக்கறாளே!" என்று மாமியார் திகைத்துப் போனார். பிறகு டோஃபுவும் துளசியும் சேர்ந்த வதக்கலை ருசி பார்த்துவிட்டு, "உடம்புக்கு நல்லதுதான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

நாம் வெட்டி எறிகிற கொத்தமல்லி வேரை அவர்கள் எறிவதே இல்லை. வேர், வெள்ளை மிளகு, பூண்டு மூன்றையும் நசுக்கினால் பல சமையலுக்கு அதுதான் அடிப்படை. பூண்டில்லாமலும் வாசனை வருகிறது. வேரை நன்றாக மண் போகக் கழுவி நம் ரசத்தில் நசுக்கிப் போட்டுப் பாருங்கள், அப்புறம் எறியவே மாட்டீர்கள்.

சியாங் மாயின் பேர் போன உணவு 'காவ் சோய்'. தேங்காய்ப்பால் குழம்பில் நூடுல்ஸ், மேலே பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் கடுகுக்கீரை ஊறுகாய், எலுமிச்சை. வழக்கமாகக் கோழி போடுவார்கள். நூடுல்ஸிலும் முட்டை உண்டு. எங்களுக்குக் காளானும் அரிசி நூடுல்ஸும் போட்டு, நாம் பிளாவுக்குப் பதில் சோயா சாஸ் விட்டுச் செய்து காட்டினார். புளிப்பு, இனிப்பு, உப்பு, காரம் நான்கும் ஒன்றையொன்று அமுக்காமல் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன பாடம்.

தீவுகளில்

புக்கெட்டில் கவலையே இல்லை. ஜே திருவிழாவுக்குப் பேர் போன ஊர் அல்லவா! பழைய நகரத்தில் ரனோங் சாலையில், ஜுய் துய் என்ற சீனக் கோயிலை ஒட்டி ஜே கடைகள் இருக்கின்றன. பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக மாமியார் தானே தட்டை எடுத்துக்கொண்டு போய், கை காட்டி, இரண்டாம் தடவை சாதம் வாங்கி வந்தது அங்கேதான். நான் உதவிக்கு எழுந்தேன். என்னவர், "இரு, அம்மாவே வாங்கட்டும்" என்று உட்கார வைத்துவிட்டார்.

சாமுய் தென்னந்தோப்புத் தீவு. அங்கே காலையில் 'கனோம் க்ரோக்' வாங்கினோம். அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கரைத்து, குழிச்சட்டியில் ஊற்றி எடுக்கிறார்கள். நம் குழிப்பணியாரச் சட்டியேதான்! சிலர் மேலே வெங்காயத்தாள் தூவுவார்கள். முன்னாடியே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். மூங்கில் குழாயில் பசை அரிசி, தேங்காய்ப்பால், காராமணி மாதிரிப் பயறு அடைத்துச் சுட்ட 'காவ் லாம்' பயணத்துக்குக் கட்டுச்சாதம் போல உதவியது.

நாங்கள் தங்கிய இடத்துச் சொந்தக்கார அம்மாள் தினமும் காலையில் மாமியாரைப் பார்த்து, "கின் காவ் ரூ யங்?" என்பார். 'சாதம் சாப்பிட்டாச்சா?' என்று அர்த்தம். அந்த ஊரில் நலம் விசாரிப்பதே அப்படித்தான். பாஷை தெரியாவிட்டாலும் மாமியாருக்குக் கேள்வி புரிந்துவிட்டது. "ஆச்சும்மா, நீ சாப்பிட்டியா?" என்று சுத்தத் தமிழில் பதில் சொல்வார்.

கைவசம் சில வார்த்தைகள்

கின் ஜே: ஜே உணவு சாப்பிடுகிறோம்.
மை சை நாம் பிளா: மீன் சாறு போட வேண்டாம்.
மை சை கை: முட்டை போட வேண்டாம். கோழிக்கும் ஏறக்குறைய இதே சொல்தான். நமக்கு இரண்டுமே வேண்டாம், கவலையில்லை!
மை பெட்: காரம் வேண்டாம்.

பெண்கள் கடைசியில் 'கா' என்று சேர்த்தால் மரியாதை.

குழந்தைக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தால் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். தாய் மொழியில் ஓர் அட்டையில் எழுதி வாங்கிக் கடைக்காரரிடம் காட்டுங்கள். அங்கே பல பதார்த்தங்களில் கடலை உண்டு. குடிக்கப் பாட்டில் தண்ணீர்தான். வெயிலில் உப்பு-சர்க்கரைப் பொட்டலம் கையில் இருக்கட்டும். பழத்தை முழுதாக வாங்கி நாமே உரித்துக் கொடுப்பது நல்லது. மங்குஸ்தான், ரம்புட்டான் இரண்டும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சோயா சாஸிலும் உப்பு அதிகம் என்பதை நினைவில் வையுங்கள்.

இனி, நம் வீட்டில் செய்ய இரண்டு:

மாம்பழப் பசைச் சாதம்

பசை அரிசி 1 கப்பை 6 மணி நேரம் ஊற வைத்து வடித்து, இட்லிப் பானையில் துணி போட்டு 25 நிமிஷம் ஆவியில் வேக விடவும். கெட்டித் தேங்காய்ப்பால் முக்கால் கப், சர்க்கரை கால் கப், உப்பு கால் டீஸ்பூன் மூன்றையும் கொதிக்க விடாமல் சூடாக்கிக் கரைத்து, சூடான சாதத்தில் கலந்து 20 நிமிஷம் மூடி வைக்கவும். மாம்பழத் துண்டு, வறுத்த பாசிப்பருப்பு தூவிப் பரிமாறவும். பசை அரிசி கிடைக்காவிட்டால் செட்டிநாட்டுக் கவுனி அரிசி பிரமாதம். அதை ராத்திரியே ஊற வைத்து, குக்கரில் நன்றாக வேக வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் ருசி மட்டும் பார்க்கலாம்!

பப்பாளிக்காய் சாலட் (சோம் தம்)

காம்பு நீக்கிய பச்சை மிளகாய் 2, பொடித்த வெல்லம் 1 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் மூன்றையும் உரலில் நசுக்கவும். காராமணிக்காய் 2, தக்காளி 1 நறுக்கிப் போட்டு லேசாக இடிக்கவும். சீவிய பப்பாளிக்காய் 2 கப், புளிக்கரைசல் 1 டீஸ்பூன், ஒரு எலுமிச்சையின் சாறு சேர்த்துப் புரட்டி, வறுத்த வேர்க்கடலை தூவவும். கர்ப்பிணிகள் பப்பாளிக்காயைத் தவிர்த்து வெள்ளரிக்காய் அல்லது காரட்டில் செய்துகொள்ளட்டும். அதுவும் நன்றாகவே இருக்கும்.

உங்கள் வீட்டிலும் 'எனக்காக யாரும் அலைய வேண்டாம்' என்று ஒதுங்குகிற பெரியவர் இருப்பார். இரண்டு வார்த்தை கற்றுக்கொண்டு, அவரையும் கூட அழைத்துப் போங்கள்.