எல்லைப்புறத்தின் நினைவுக் கற்கள்

யுத்த நினைவுச் சின்னம் என்றவுடன் நெடிய தூணும், வீரர் பெயர்களும், தாய்நாட்டிற்காக உயிர் நீத்தோர் என்ற வாசகமுமே நேயர்களின் மனக்கண்முன் தோன்றும். தாய்நாடு எது என்பதே வழக்காகிவிட்ட எல்லைப்புறத்தில் கல்லில் எதைப் பொறிப்பது?

ஸ்ட்ராஸ்பூர்க் நகரம் இதற்கோர் விடை கண்டது. அந்நகரம் அமைந்த அல்சாஸ் பிரதேசம் 1871 முதல் 1918 வரை ஜெர்மானிய ஆட்சியிலிருந்தது. ஆதலின் முதலாம் உலக மகாயுத்தத்தில் அதன் இளைஞர் பெரும்பாலும் ஜெர்மானியச் சீருடையிலேயே மடிந்தனர். யுத்தம் முடிய, ஊர் பிரான்சைச் சேர்ந்தது. பகைவன் சீருடையில் இறந்த மகனுக்கு எவ்வாறு கல் நாட்டுவது? 1936 இல் எழுந்த சிலையில் ஒரு தாய், உயிர்விடும் மைந்தர் இருவரைத் தாங்கி அமர்ந்திருக்கிறாள். மைந்தருக்குச் சீருடை இல்லை. கீழே, "எம் இறந்தோர்க்கு" என்று மட்டுமே உண்டு. தாய்நாடு என்ற சொல்லை விட்டுவிட்டதே அந்நகரத்தாரின் பெருந்துணிவு எனலாம்.

இலங்கையின் கீழ்க்கரைக்கு வருவோம். காத்தான்குடியிலிருந்து கல்முனை வழியாக விநாயகபுரம் வரை முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் மாறி மாறி வருகின்றன. இரு சாராருக்கும் மொழி ஒன்றே. 1990 ஆம் ஆண்டு ஒன்றே இக்கரைக்கு எத்தனை துக்கங்களைத் தந்தது! ஜூன் மாதத்தில், சரணடைந்த பொலிசார் நூற்றுக்கணக்கானோரை விடுதலைப் புலிகள் திருக்கோவிலை அடுத்த ரூபஸ்குளத்தில் கொன்றனர். ஓகஸ்ட் 3 ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் அவர்களாலேயே சுடப்பட்டு மாண்டனர். ஒன்பது நாள் கழித்து, வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் ஊர்காவற் படையினரால் கொல்லப்பட்டனர்.

காத்தான்குடி மீரா ஜும்மாப் பள்ளிவாசற் சுவரில் குண்டு துளைத்த வடுக்களைப் பூசி மறைக்காமல் இன்றும் வைத்திருக்கிறார்கள். எந்தச் சிற்பி செதுக்கினாலும் அச்சுவர் சொல்வதைச் சொல்லிவிட முடியாது. வீரமுனையும் தன் நாளைத் தனியே அனுட்டிக்கிறது. ஒவ்வோர் ஊரும் தன் இறந்தோரையே எண்ணுகிறது. அயலூரின் எண்ணிக்கை அதன் கல்லில் ஏறுவதில்லை.

அரசோ வெற்றியையே கல்லாக்கிற்று. கிளிநொச்சியில் குண்டு துளைத்த பெருஞ்சுவரும், அதன்மேல் மலர்ந்த தாமரையும் அவ்வகையின. மறுபுறம், விநாயகபுரத்துக்கு அயலேயுள்ள கஞ்சிகுடிச்சாற்றில் புலிகளின் மயானம் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கே கிடப்பவன் ஆயுதம் ஏந்தியவன் என்பது அரசின் வாதம். மகன் என்பது தாயின் வாதம். எந்தக் குழி தன் மகனுடையதென்று காட்டக் கல்லில்லாத அவ்வெளியில், நவம்பர் 27 ஆந் திகதி மாலையில் தாய்மார் சுடரேற்றுகின்றனர்.