நிலப் பங்கீடும் குடும்ப உறவும்: காலத்தே எழுதி வைப்பது நல்லது

எந்தப் பட்டத்தில் எந்த ரகம் விதைப்பது, எவ்வளவு உரம் இடுவது என்பதில் விவசாயிகள் காட்டும் அக்கறை, அந்த நிலம் அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதில் இருப்பதில்லை. ஆனால் விதைப்பு தவறினால் ஒரு போகந்தான் நட்டம். பங்கீடு தவறினால் நிலம் ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடக்கும்; அண்ணன் தங்கை பேச்சுவார்த்தையும் நின்றுபோகும். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரங்களில் நிலம் வைத்திருப்போர் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மேற்குப் புறநகரின் நிலை

ஏரிப் பாசனத்திலும் கிணற்றுப் பாசனத்திலும் பயிர் செய்த ஊர்கள் இவை. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 2011 கணக்கெடுப்பின்போது அம்பத்தூரில் சுமார் 4.66 லட்சம் பேரும், ஆவடியில் சுமார் 3.46 லட்சம் பேரும் இருந்தனர். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது; ஆவடி 2019-இல் தனி மாநகராட்சி ஆயிற்று.

தொழிற்சாலைச் சம்பளம் வீட்டுக்குள் வந்ததும் தகப்பனுக்கும் மகனுக்கும் உள்ள உறவு மாறியது. முன்பு நிலம் தகப்பன் கையில் இருந்ததால் மகன் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டான். மாதச் சம்பளம் வாங்கும் மகனுக்கு நிலத்தை நம்பி இருக்க வேண்டிய அவசியமில்லை. அதே சமயம் மனைகள் பெருகப் பெருக நிலத்தின் விலை ஏறியது. நெல்லுக்கும் கீரைக்கும் மட்டும் பயன்பட்ட ஐம்பது சென்ட் இன்று ஒரு குடும்பத்தின் பெரிய முதலாகிவிட்டது. விளைச்சலைப் பங்கிட்டபோது எழாத சச்சரவு, விலையைப் பங்கிடும்போது எழுகிறது.

சமூகவியல் ஆய்வுகள் கூறுவது என்ன?

புனே டெக்கான் கல்லூரியைச் சேர்ந்த ஐராவதி கார்வே என்ற அம்மையார், இந்திய உறவுமுறைகளை ஆராய்ந்து 1953-இல் ஒரு நூல் வெளியிட்டார். வடநாட்டில் பெண்ணை முன்பின் உறவில்லாத குடும்பத்தில், வேற்றூரில் கொடுப்பது வழக்கம். தென்னாட்டிலோ ஏற்கெனவே உள்ள உறவையே மீண்டும் இறுக்கிக் கட்டுவதாகத் திருமணம் அமைகிறது என்று அவர் விளக்கினார். அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என்று நாம் பெண் எடுத்துக் கொடுக்கும் முறைதான் அது.

1983-இல் டிம் டைசன், மிக் மூர் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே மக்கள்தொகைக் கணக்குகளுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தாய் வீட்டோடு தொடர்பு விடாமல் இருப்பதால் தென்னாட்டுப் பெண்களுக்கு வீட்டில் சொல்லுரிமை கூடுதல் என்றும், இங்கே பிறப்பு விகிதமும் குழந்தை இறப்பும் குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றும் அவர்கள் கூறினர்.

விவசாயிக்கு இதில் என்ன இருக்கிறது? அத்தை வீட்டுக்கோ மாமன் வீட்டுக்கோ மகள் வாழ்க்கைப்பட்டபோது, அவளுக்கு நிலத்தில் பங்கு தராவிட்டாலும் அந்த நிலத்தின் பலன் உறவுக்குள்ளேயே சுற்றி வந்தது. அண்ணன் தாய்மாமன் சீர் செய்தான். தங்கை அவன் மகனுக்குப் பெண் கொடுத்தாள். வழக்கமே பத்திரமாக இருந்தது.

அந்த வழக்கம் இப்போது தளர்ந்து வருகிறது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 28 விழுக்காட்டினரே இரத்த உறவில் மணம் செய்தவர்கள். நாட்டின் சராசரியான 11 விழுக்காட்டைவிட இது அதிகந்தான். ஆயினும் பெரும்பாலான திருமணங்கள் வெளியில் நடக்கின்றன என்பது தெளிவு. நெருங்கிய உறவில் மணம் செய்தால் குழந்தைகளுக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதால் இந்த மாற்றம் நல்லதே. ஆனால் பழைய வழக்கம் சத்தமில்லாமல் செய்துவந்த பங்கீட்டை இனி யார் செய்வது? அதைப் பேசி, எழுதித்தான் செய்ய வேண்டும்.

பொருளாதார அறிஞர் பினா அகர்வால் 1994-இல் வெளியிட்ட நூலில் மற்றொரு விஷயத்தை எடுத்துக் காட்டினார். சட்டப்படி பங்கு இருந்தும் பல பெண்கள் கேட்பதில்லை. விருப்பம் இல்லாததால் அல்ல. கேட்டால் அண்ணன் தம்பி உறவு அறுந்துபோகும், புகுந்த வீட்டில் துன்பம் வந்தால் போக இடமில்லாமற் போகும் என்ற அச்சமே காரணம். இவரும் பிரதீப் பாண்டாவும் திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு 2005-இல் வெளிவந்தது. நிலமோ வீடோ தன் பெயரில் இல்லாத பெண்களில் 49 விழுக்காட்டினர் கணவனிடம் அடிபட்டதாகக் கூறினர். இரண்டும் தம் பெயரில் இருந்தவர்களில் அப்படிக் கூறியவர்கள் 7 விழுக்காட்டினரே. மகளுக்குக் கொடுக்கும் பத்துச் சென்டும் அவளுக்கு ஒரு பாதுகாப்பு என்பதை இதிலிருந்து அறியலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்து குடும்பங்களுக்கு உரிய சட்டத்தை மட்டும் இங்கே கூறுகிறோம். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வாரிசுச் சட்டம் வேறு.

தமிழ்நாட்டில் 25-3-1989 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு கொடுக்கப்பட்டது. அந்தத் தேதிக்கு முன் திருமணமான பெண்களுக்கு அப்போது அந்த உரிமை இல்லை. பின்னர் 9-9-2005 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய சட்டத் திருத்தம், திருமணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. மகளுக்குப் பிறப்பிலேயே இந்த உரிமை உண்டு, 2005-இல் தகப்பனார் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 11-8-2020 அன்று தீர்ப்பளித்தது. எனவே "1989-க்கு முன்னே கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கில்லை" என்று இன்றும் கூறுவது சரியல்ல. ஆனால் 20-12-2004-க்கு முன்பே பதிவுப் பத்திரத்தின் மூலமோ நீதிமன்றத்தின் மூலமோ முறையாக நடந்து முடிந்த பாகப்பிரிவினையை இச்சட்டம் கலைப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். தகப்பனார், தாயார், ஒரு மகன், இரண்டு மகள்கள். நிலம் 3 ஏக்கர். அது பூர்வீகச் சொத்தானால், தகப்பனாருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 75 சென்ட். தகப்பனார் உயில் எழுதாமல் காலமானால் அவருடைய 75 சென்ட், மனைவிக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 18.75 சென்ட்டாகப் பிரியும். முடிவில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 93.75 சென்ட், தாயாருக்கு 18.75 சென்ட். அதே 3 ஏக்கர் தகப்பனார் சுயமாகச் சம்பாதித்ததானால், உயில் இல்லாதபோது நான்கு பேருக்கும் ஆளுக்கு 75 சென்ட். தகப்பனாரைப் பெற்ற தாய் உயிருடன் இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

தகப்பனிடமிருந்து வந்த நிலம் எல்லாமே பூர்வீகம் ஆகிவிடாது. அது எந்த ஆண்டில், எந்த வகையில் வந்தது என்பதைப் பொறுத்தது. மூலப் பத்திரங்களைக் காட்டி வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை.

திருமணத்தில் நகையும் சீரும் செய்தாயிற்று, அதுவே பங்கு என்று நினைப்பதும் தவறு. சீர் செய்ததால் மகளின் உரிமை நீங்கிவிடாது. வரதட்சிணை 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட.

பெற்றோரின் பாதுகாப்பு

மகளுக்குப் பங்கு மறுக்கப்படுவது ஒரு குறை என்றால், எல்லாவற்றையும் மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் கையேந்தி நிற்பது மற்றொரு குறை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. "எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையுடன் எழுதிக் கொடுத்த சொத்தை, பெற்றவர் அந்த நிபந்தனைப்படி நடக்காவிட்டால் ரத்து செய்யும்படி 60 வயதானவர்கள் கேட்க இச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம்.

நிபந்தனை இல்லாமல் கொடுத்த சொத்துக்கு இப்பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது. 2025 ஜனவரியில் வந்த மற்றொரு தீர்ப்பு, முதியோருக்கு நன்மை தரும் வகையில் இச்சட்டத்தைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்றது. தீர்ப்புகளை நம்பிக் காத்திருப்பதைவிட, நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவிடுவது நல்லது.

செய்ய வேண்டியவை

1. முதலில் காகிதங்களைச் சரிபார்க்கவும். பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருந்தால் மாற்றிக்கொள்ளவும். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கவும். எது பூர்வீகம், எது சுயசம்பாத்தியம் என்று பட்டியல் எழுதவும்.

2. பெற்றோர் திடமாக இருக்கும்போதே, மகள்களையும் அழைத்து எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவும். காரியத்துக்குக் கூடிய இடத்தில் பேசத் தொடங்கினால் பகைதான் மிஞ்சும்.

3. நிலம் மிகச் சிறியதானால் துண்டு போட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் சராசரி உடைமை 1970-71-இல் 1.45 எக்டேர், 2015-16-இல் 0.75 எக்டேர். மேலும் துண்டாக்கினால் பயிர் செய்ய இயலாது. பயிரிடுபவர் நிலத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கு நியாயமான விலையைத் தவணையாகக் கொடுக்கலாம். அல்லது கூட்டுப் பட்டாவாக வைத்து ஆண்டுதோறும் குத்தகை கொடுக்கலாம். பங்கை மனமொப்பி விடும் சகோதரியிடம் பதிவுசெய்த விடுதலைப் பத்திரம் பெறவும். தகப்பனார் உயிருடன் இருக்கையில் அவருடைய சுயசம்பாத்தியத்தில் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பது பொதுவாகச் செல்லாது.

4. பிரிப்பதானால் கிணறு, ஆழ்துளைக் கிணறு, மின் இணைப்பு, வாய்க்கால், வண்டிப்பாதை ஆகியவற்றைப் பத்திரத்தில் தனித்தனியே குறிப்பிடவும். தண்ணீருக்கு முறை வைப்பதானால் அதையும் எழுதவும். பாகச் சண்டைகள் பல வரப்பில் தொடங்குவதில்லை, வாய்க்காலில் தொடங்குகின்றன.

5. செட்டில்மெண்ட் பத்திரம் எழுதும்போது பெற்றோரின் ஆயுள்கால அனுபவ உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் சேர்க்கவும். உயிலானால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். மனைவிக்கு உரியதை மறக்கக் கூடாது. கணவனுக்குப் பின் அவளே நெடுநாள் தனித்து வாழ நேரலாம்.

6. எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் இல்லாமல் நிலத்தை மனைக்கு விற்க ஒப்பந்தம் போட வேண்டாம். முன்பணம் வாங்கியபின் ஒரு சகோதரி வழக்குப் போட்டால் பணமும் நிலமும் சேர்ந்தே முடங்கும்.

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பழமொழி. கணக்கைத் தெளிவாக வைத்துக்கொள்வதால் பாசம் குறைந்துவிடாது. தன் பங்கு மதிக்கப்பட்டது என்று அறிந்த தங்கை, அந்த வீட்டுக்குப் பொங்கலுக்கும் வருவாள். அண்ணன் நோயுற்றாலும் வருவாள்.

பெண்களுக்கு வருமான வரம்பு இன்றி இலவச சட்ட உதவி உண்டு. திருவள்ளூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் உள்ளது. இந்த அறுவடை முடிந்து கை ஓய்ந்திருக்கும் நாட்களில் பத்திரப் பெட்டியை எடுத்து, குடும்பத்தாருடன் உட்கார்ந்து பார்ப்பது நலம்.