சொரிமுத்தையன் காட்டில் குடில் போடும் கூட்டம்

ஆடி பிறந்தால் தென்காசிச் சீமையில் இரண்டு கூட்டம் கிளம்பும். ஒன்று, சாரலில் நனையக் குற்றாலம் வரும் கூட்டம். அது ஊரறிந்தது. இன்னொன்று கடையம், ஆழ்வார்குறிச்சி வழியாகப் பாபநாசம் போய், அங்கிருந்து மலையேறிக் காரையாற்றுக்குப் போகும். தார்ப்பாய், அண்டா, அரிசி மூட்டை, மண்வெட்டி, கைக்குழந்தைக்குத் தூளி கட்டப் பழைய சேலை, நேர்ந்துவிட்ட கிடா என்று பாதி வீட்டையே பெயர்த்துக்கொண்டு போவார்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கப் போகிறவர்கள் இவர்கள்.

காட்டில் கூடாரம் அடித்து இரவு தங்குவது வெளிநாட்டுப் பழக்கம், வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களின் சாதாரணக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருவது அதைத்தான். அதுவும் சாதாரணக் காட்டில் அல்ல. முண்டந்துறை 1962-இலும் களக்காடு 1976-இலும் சரணாலயங்களாயின. இரண்டையும் சேர்த்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவானது. சுமார் 895 சதுர கிலோமீட்டர் பரப்பு. இதை உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை 2016-இல் யுனெஸ்கோ தன் உலக வலையமைப்பில் சேர்த்துக்கொண்டது. அந்தக் காட்டின் நடுவே, தாமிரபரணிக் கரையில், அமாவாசையை ஒட்டிய சில நாட்களில் லட்சத்தைத் தாண்டும் கூட்டம் கூடுகிறது.

குடில் போடுவதற்கென்று ஒரு முறை உண்டு. வகையறாவில் இரண்டு மூன்று இளவட்டங்கள் முன்னால் போய் இடம் பிடிப்பார்கள். மேடான இடமாக, ஆற்றுக்கு அருகே, ஆனால் வெள்ளம் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். நாலு கம்பு, மேலே தார்ப்பாய், மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி சுற்றிலும் ஒரு சின்ன வாய்க்கால், அடுப்புக்கு மூன்று கல். தென்மேற்குப் பருவக்காற்றில் மலை நனைந்து கிடக்கும் மாதம் அது. ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெரியச் சமைத்த சோற்றை உறவுமுறை எல்லாம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும். வருஷம் முழுக்கப் பேசாமல் இருந்த பங்காளிகள் பேசிக்கொள்வதும், பெண் பார்க்கும் பேச்சு தொடங்குவதும் அந்தத் தார்ப்பாய்க்கு அடியில் நடக்கும். கிடா வெட்டு, வில்லுப்பாட்டு, சாமியாட்டம், பூக்குழி என்று இரவுகள் கழியும். கோயில் சிங்கம்பட்டி ஜமீனோடு தொடர்புடையது. 2020 மே மாதம் காலமான கடைசி ஜமீன்தார் முருகதாஸ் தீர்த்தபதி, ஆடி அமாவாசையன்று ராஜ உடையில் அமர்ந்து மக்களுக்குக் காட்சி தருவார். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம் வரும்.

இந்தக் கோயிலின் கதையே வழிப்போக்கர் தங்கலில் இருந்துதான் பிறக்கிறது. பாண்டி நாட்டிலிருந்து சேர நாட்டுக்கு மாடுகளில் சரக்கு ஏற்றிப்போன வணிகர்கள் இந்த வழியாகப் போனார்களாம். ஒரு மாட்டின் குளம்பு கல்லில் இடற, கல்லிலிருந்து ரத்தம் பீறிட்டதாம். அங்கே எழுந்தவர்தான் அய்யனார் என்பார்கள். கதை எதுவானாலும் அதன் பின்னணி உண்மையானது. செங்கோட்டைக் கணவாயில் 1904-இல் ரயில் வரும்வரை இந்த மலைப்பகுதியைத் தாண்டிய சரக்கின் பெரும்பகுதி விலங்குகளின் முதுகிலும் வண்டியிலும் போனதுதான். சுமைமாடு நடந்தால் இடையில் இளைப்பாற இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும், இரவு காவல் வேண்டும். அந்தக் காவலுக்குத்தான் தெய்வங்கள்.

அந்தக் காவல் தெய்வங்களில் ஒருவர், முத்துப்பட்டன் என்ற பட்டவராயன். அந்தணனாகப் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்தில் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கையை மணந்து, செருப்புத் தைத்து, மாடு காத்து, மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மாண்டவன். பேராசிரியர் நா. வானமாமலை பதிப்பித்து 1971-இல் மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட முத்துப்பட்டன் கதை இந்த வாழ்வைச் சொல்வது. இன்றும் அவன் சன்னதியில் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். இரவில் அவன் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றுவான், அடுத்த வருஷம் வந்து பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. சாதியை மீறி வாழ்ந்து தெய்வமான ஒருவனின் காலடியில் எல்லாச் சாதிக் குடும்பங்களும் அருகருகே குடில் போடுகின்றன. நம் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. இந்தக் கூடுகை தொடர வேண்டும் என்று நான் நினைப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனால் காடு இதற்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும். குடிலுக்குக் கம்பு வேண்டும் என்று ஆற்றங்கரையின் இளமரங்கள் வெட்டுப்பட்டன. அடுப்புக்கு விறகு அங்கேயே பொறுக்கப்பட்டது. சோப்பு, ஷாம்பு, எண்ணெய், கறி கழுவிய நீர், மனிதக் கழிவு எல்லாம் தாமிரபரணியில் இறங்கின. பல ஊர்களும் குடிநீருக்கு நம்பியிருக்கும் ஆறு அது. கூட்டம் கலைந்த பிறகு காட்டில் கிடக்கும் பாலித்தீன் பையை மிளாவும் குரங்கும் தின்னும். மணிமுத்தாறில் களமையம் வைத்து இந்த மலையை ஆராய்ந்துவரும் ஏட்ரீ நிறுவனம் இந்தத் திருவிழாவின் சூழல் சுமையைக் கவனித்துப் பேசிவந்திருக்கிறது.

கட்டுப்பாடுகள் ஒவ்வொன்றாக வந்தன. தனியார் வாகனங்களை அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு அரசுப் பேருந்தில் மட்டுமே மேலே போக வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. பிளாஸ்டிக், சோப்பு, ஷாம்புவுக்குச் சோதனைச்சாவடியில் தடை. தங்கும் நாட்களும் சுருங்கின. ஒவ்வோர் ஆண்டும் இதையொட்டி மனக்கசப்பு எழுகிறது. எங்கள் சாமியைப் பார்க்க எங்களுக்கே தடையா என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்தக் காட்டில் காலங்காலமாய் வாழும் காணிக்காரர்களுக்கும் அதே கேள்வி உண்டு. ஆனாலும் வாகனக் கட்டுப்பாடு இல்லாத பழைய நிலைக்குத் திரும்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். புகையும் ஹாரனும் குறைந்த மலைப்பாதை பக்தர்களுக்கும் நல்லது, யானைக்கும் நல்லது.

இங்கே அய்யனாரின் குதிரையைப் பற்றியும் பேச வேண்டும். தமிழ்நாட்டு ஊர் எல்லைகளில் மண்குதிரை நிற்காத அய்யனார் கோயில் அபூர்வம். இரவில் குதிரையேறி எல்லை சுற்றுகிறவர் அவர். இப்போது சில நாடுகளில் குதிரையோடு காட்டில் தங்குவது ஒரு சுற்றுலா வகையாகவே வளர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவில் குதிரைக்காரர்களுக்கென்று 5 சிறு முகாம்கள் இருக்கின்றன. தியோடர் ரூஸ்வெல்ட் தேசியப் பூங்காவில் ஒரு முகாமிடம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு குழுவுக்குத்தான் கொடுக்கப்படுகிறது. முன்பதிவு கட்டாயம். ஆளுக்கும் உச்சவரம்பு, குதிரைக்கும் உச்சவரம்பு. குதிரையை மரத்தில் நேராகக் கட்டக்கூடாது, கட்டினால் வேர் மிதிபடும், பட்டை உரியும். இரண்டு மரங்களுக்கு இடையே, பட்டையைக் காக்கும் அகலமான வார் சுற்றி, உயரக் கயிறு கட்டி அதில்தான் பிணைக்க வேண்டும். பல பூங்காக்களில் களைவிதை இல்லாதது என்று சான்று பெற்ற வைக்கோலை மட்டுமே உள்ளே கொண்டுபோகலாம். குதிரை மாட்டைப் போல அசைபோடும் பிராணி அல்ல. தின்ற விதைகளில் பல சாணத்தோடு உயிருடன் வெளியே விழும், அந்நியக் களை காட்டுக்குள் முளைக்கும்.

நம் சட்டம் குதிரையை அறவே மறந்துவிடவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வாகனம் என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில் யானை, ஒட்டகம், எருமை, காளை, கழுதை, கோவேறு கழுதையோடு குதிரையும் வருகிறது. தேசியப் பூங்காவுக்குள் கால்நடை எதுவும் நுழையக்கூடாது, ஆனால் உள்ளே போக அனுமதி பெற்றவர் அதை வாகனமாகப் பயன்படுத்தினால் நுழையலாம் என்று 35-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே குதிரை முகாம் நடத்த வேண்டும் என்று யாராவது கிளம்பினால் சட்டத்தில் ஒரு சந்து இருக்கத்தான் செய்கிறது.

அந்தச் சந்தில் நுழைய வேண்டாம் என்பதே என் கருத்து. அமெரிக்கப் பூங்காக்களில் புலி இல்லை. இங்கே புலியும் சிறுத்தையும் உண்டு. இரவில் கட்டிவைத்த குதிரை அவற்றுக்கு விருந்தழைப்பு. கிளாண்டர்ஸ் என்ற கொடிய நோய் குதிரைகளிடம் உண்டு. அந்நோய் கண்ட குதிரையின் இறைச்சியைத் தின்ற சிங்கமும் புலியும் வெளிநாட்டு விலங்குக் காட்சிச்சாலைகளில் செத்திருக்கின்றன. உண்ணிச்செடி ஏற்கெனவே நம் காட்டைப் பிடித்துக்கொண்டு படாதபாடு படுத்தும்போது புதிய விதைகளையும் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம். குதிரையேற்றம் விரும்பும் பிள்ளைகளுக்கு மலையடிவாரத்தின் தென்னந்தோப்புச் சாலைகளும் குளக்கரைகளும் போதும். சாரல் விழும் ஆனி, ஆடியில் இலஞ்சி, மேலகரம் பக்கத்து வயல்வெளிகளைவிடக் குதிரைக்கு நல்ல பாதை வேறு எங்கே இருக்கிறது? குதிரை எல்லையில் நிற்கட்டும். நம் அய்யனார்கள் நிறுத்திவைத்திருப்பதும் அங்கேதான்.

மனிதக் குழுக்களின் கதை வேறு. குற்றாலத்துக்குச் சீசனில் வருகிறவர்களும், கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகும் வழியில் அருவியில் குளித்துவிட்டு ஆரியங்காவு, அச்சன்கோவில் பக்கம் போகும் அய்யப்ப பக்தர்களும் பெரும்பாலும் குழுவாகத்தான் வருகிறார்கள். வேனில் அடுப்பும் அண்டாவும் இருக்கும். இறங்கிச் சமைக்க முறையான இடம் இராது. சாலை ஓரத்திலும் தோப்பு ஓரத்திலும் அடுப்பு மூட்டுகிறார்கள், இலையும் காகிதத் தட்டும் ஓடையில் போகின்றன. குற்றை மக்கள்மீது சுமத்துவது எளிது. தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் சமையல் மேடையும் உள்ள ஒரு குழுத் தங்கலிடத்தை நாம் எங்கே கட்டிக்கொடுத்தோம்? குற்றாலத்துக்கு மேலே உள்ள மலைக்காடு 2015-இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமிக்குப் பக்தர்கள் மலையேறுகிறார்கள். அங்கே கூடாரம் போட இடம் கேட்பது தவறு. கேட்க வேண்டியது அடிவாரத்தில்.

கட்டுப்பாடற்ற கூட்டத்தின் விலையை நாம் பார்த்திருக்கிறோம். 2011 ஜனவரி 14 அன்று, பெரியாறு புலிகள் காப்பகத்தின் புல்மேட்டில் மகரஜோதி பார்த்துத் திரும்பிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதில் தமிழர்கள் நிறைய. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பிள்ளையை அடித்துக்கொண்டு போனது. குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்ற வழிகளை, முன்பதிவும் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியும் கொண்ட திட்டமாகத் திறந்தது. நல்ல தொடக்கம். நடக்க வழி கொடுத்ததுபோலத் தங்கவும் வழி கொடுக்க வேண்டும்.

பெரியாற்றில் ஒரு முன்மாதிரி உண்டு. சபரிமலைக்கு எருமேலியிலிருந்து பம்பை வரை போகும் பெரிய பாதையில் அழுதைக்கும் கரிமலைக்கும் இடையே பக்தர்கள் விரி எனப்படும் தற்காலிகக் கொட்டகைகளில் தங்குகிறார்கள். அங்கே விரிகளையும் கடைகளையும் நடத்தும் பொறுப்பு காட்டோரத்து மக்களின் சூழல் மேம்பாட்டுக் குழுக்களிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. சம்பாத்தியம் அவர்களுக்கு, காட்டைச் சுத்தமாக வைக்கும் கடமையும் அவர்களுக்கு. களக்காடு–முண்டந்துறையைச் சுற்றிய கிராமங்களிலும் 1990-களிலிருந்து கிராம வனக் குழுக்கள் இருக்கின்றன. கடையம், சிவசைலம், குற்றாலம் பக்கம் வருவாய் நிலத்தில், காட்டுக்கு வெளியே, சிறிய குழுத் தங்கலிடங்களை அமைத்து அந்தக் குழுக்களிடம் ஒப்படைக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு குழு, ஆளெண்ணிக்கைக்கு உச்சவரம்பு, விறகுக்குப் பதில் எரிவாயு அடுப்பு, கழிவுத் தொட்டி, இருட்டிய பிறகு ஒலிபெருக்கி கிடையாது. காரையாற்றில் இடத்தை எண் போட்டுப் பிரித்து, கம்பும் தார்ப்பாயும் வாடகைக்குக் கொடுத்தால் இளமரம் வெட்ட வேண்டியிராது. மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் நினைத்தால் அடுத்த ஆடிக்குள் தொடங்கக்கூடிய வேலைதான் இது.

அதுவரை நம் கையில் இருப்பதை நாம் செய்வோம். இந்த ஆடி அமாவாசைக்குக் காரையாறு போகும் குடும்பங்களே, கம்பை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள். சோப்பை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பாத்திரத்தை ஆற்றுக்குள் இறங்கித் தேய்க்காமல் கரையில் தள்ளி வைத்துத் தேயுங்கள். சாக்கு ஒன்றைத் தனியாகக் கொண்டுபோய், குடிலைப் பிரிக்கும்போது உங்கள் குப்பையோடு பக்கத்துக் குடிலின் குப்பையையும் அதில் அள்ளி, திரும்பும் பேருந்தில் ஏற்றிக் கீழே கொண்டுவந்து சேருங்கள்.