மின்சாரச் சக்கரங்கள் – 9: பாவும் ஊடையும்

ஜெர்மனியின் ஆடி கார் நிறுவனத்தில் சுமார் பத்தாண்டுகள் வேலை பார்த்தவர் வான் காங் என்ற சீனப் பொறியாளர். 2000ஆம் ஆண்டில் அவர் தன் நாட்டு அமைச்சரவைக்கு ஒரு யோசனை எழுதி அனுப்பினார். பெட்ரோல் இன்ஜினில் ஜெர்மனியும் ஜப்பானும் நூறாண்டு அனுபவத்தோடு முன்னே நிற்கின்றன, எல்லோரும் புதிதாகத் தொடங்கவேண்டிய மின்சார காரில் இறங்குவோம் என்பது அதன் சாரம்.

அவரையே தாய்நாட்டுக்கு அழைத்தார்கள். 2001இல் '863' என்ற தேசிய ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் மின்வாகனங்களுக்கென 88 கோடி யுவான் ஒதுக்கி, அவரைத் தலைமை விஞ்ஞானி ஆக்கினார்கள். 2007இல் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சர் பதவியும் வந்தது. இத்தனைக்கும் அவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் இல்லை.

அந்தத் திட்டத்தின் வடிவத்துக்கு 'மூன்று நெடுக்கு, மூன்று குறுக்கு' என்று பெயர். நம் தறியின் பாவும் ஊடையும் போல. முழு மின்சார கார், ஹைபிரிட், ஹைட்ரஜன் எரிகலன் கார் ஆகியவை நெடுக்கு இழைகள். பேட்டரி, மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவிகள் ஆகியவை குறுக்கு இழைகள். எந்த வகை கார் வென்றாலும் இந்தக் குறுக்கு இழைகள் வேண்டும். ஊகம் பொய்த்தாலும் கற்ற தொழில் கையில் மிஞ்சும். மானியங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ இந்த நெசவுதான் பெரிதாகத் தெரிகிறது.

வெற்றி உடனே வந்துவிடவில்லை. 2015க்குள் 5 லட்சம் வண்டிகள் என்று 2012இல் இலக்கு வைத்தார்கள். 2013 முழுவதும் விற்றவை ஏறத்தாழ 17,600தான். ஓடாத பேருந்துகளுக்குக் கணக்குக் காட்டி மானியத்தை விழுங்கிய நிறுவனங்கள் 2016இல் பிடிபட்டன. ஆனாலும் திட்டத்தைக் கைவிடவில்லை.

2015இல் வந்தது பேட்டரிப் பட்டியல். அரசு அங்கீகரித்த பேட்டரி பொருத்திய வண்டிக்கே மானியம். சீனாவிலேயே ஆலை கட்டியிருந்த எல்ஜி, சாம்சங் இரண்டுக்கும் பட்டியலில் இடமில்லை. கொரியர்களுக்கு இது அநியாயம்தான். அந்த நிழலில் வளர்ந்தது, 2011இல் நிங்டே நகரில் தொடங்கிய சிஏடிஎல். 2017இல் அது உலகின் முதல் நிலை கார் பேட்டரி நிறுவனம் ஆயிற்று. உள்நாட்டு ஆலைகள் காலூன்றிய பிறகு, 2019இல் பட்டியலை நீக்கினார்கள். 2022 முடிவில் கார் வாங்குவோருக்கான மத்திய மானியமும் நின்றது. விற்பனை நிற்கவில்லை. 2024இல் ஏற்றுமதியும் ஹைபிரிடும் சேர்த்து விற்றவை 1 கோடியே 28 லட்சத்துக்கும் மேல்.

சீனத் திட்டம் தொடங்கிய அதே 2001இல்தான் பெங்களூரில் ரேவா மின்சார கார் விற்பனைக்கு வந்தது. சேத்தன் மைனி குழுவினர் உருவாக்கிய அந்தச் சின்ன வண்டி லண்டன் தெருக்கள் வரை போய் ஓடியது. கார் நம்மிடம் இருந்தது. அதற்கு நல்ல பேட்டரி செய்துதர, பத்தாண்டு பொறுத்து நிற்கும் தேசியத் திட்டம் இல்லை. உள்நாட்டில் பேட்டரி செல் தயாரிக்க 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2021 மே மாதத்தில்.

(தொடரும்)