முத்தும் பவளமும் ஏந்திய பெயரற்ற சிறுமி

பிரெஞ்சு ஓவியர் பியர் மினியார் 1682இல் தீட்டிய போர்ட்ஸ்மவுத் கோமகள் லூயிஸ் தெ கெருவாலின் உருவப்படம் இலண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் உள்ளது. கோமகளின் அணைப்பில் நிற்கும் கருநிறச் சிறுமி, முத்து நிறைந்த கிளிஞ்சலையும் செம்பவளக் கிளையையும் ஏந்தியுள்ளாள்.

இவ்விரண்டும் தொன்மையான கடல் வணிகப் பொருள்கள். கி.பி. முதல் நூற்றாண்டுப் பெரிப்ளஸ் நூல் பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பையும் தமிழகத்திற்கு வந்த பவளத்தையும் குறிக்கிறது. அந்நூல் சுட்டும் பொதுகே துறைமுகம், வீராம்பட்டினத்தை அடுத்த அரிக்கமேடு எனக் கருதப்படுகிறது.

ஓவியத்தில் முத்தும் பவளமும் கடல்கடந்த செல்வத்தின் குறியீடுகள். கழுத்தில் முத்துமாலை அணிந்த சிறுமியும் அச்செல்வத்துள் ஒன்றாகவே காட்டப்படுகிறாள். அவளது கருமை கோமகளின் வெண்மையை மிகுவிக்கிறது. கோமகளின் பெயரும் பட்டமும் நிலைத்திருக்க, சிறுமி இன்றும் ‘அறியப்படாத பணிப்பெண்’ என்றே பட்டியலில் இடம்பெறுகிறாள். செல்வம் வந்த வழியை உணர்த்தும் சான்று அப்பெயரின்மையே.